நனையாத இடப்பக்கம்

மெல்பேர்னில் எங்கள் பனிச்சறுக்குக் கழகத்துக்குப் பனியே கிடையாது. ஒரு குன்றின் சரிவில் தூரிகை போன்ற பிளாஸ்டிக் பாய்களை விரித்திருந்தார்கள். அவற்றை நனைத்தால்தான் சறுக்குப் பலகை வழுக்கும். சனிக்கிழமைகளில் நடக்கும் குழுப்போட்டிகளுக்கு நனைக்கிற வேலையைச் செய்தவர், பிள்ளைகளைக் கூட்டிவரும் அப்பாக்களில் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான உடம்பு, முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து. தண்ணீர் அடித்துவிட்டுப் புறங்கையால் பாயைத் தொட்டுப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல.

அன்றைய இறுதிப்போட்டியில் வலப்பக்கம் என் மகனின் அணி, இடப்பக்கம் அவருடைய மகளின் அணி. வலப்பக்கத்தில் தண்ணீர் வழிந்தோடியது. இடப்பக்கத்தில் அவர் மகளும் மற்ற மூன்று பிள்ளைகளும் ஒருவர்பின் ஒருவராகத் திணறித் திணறி இறங்கினார்கள். நாங்கள் வென்றோம்.

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

“அண்ணை, மகளின்ரை பக்கம் தண்ணி குறைவு போல கிடந்தது.”

“ஓம். கூட அடிச்சா சனம் கதைக்கும்.”

“குறைச்சு அடிச்சா?”

“மகள் மட்டும்தான் கதைப்பாள்.”

மகள் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது அந்தக் குன்றில் வீடுகள் வந்துவிட்டன. ஈரப் பிளாஸ்டிக்கின் மணம் எங்காவது வந்தால் அந்தச் சனிக்கிழமைகளும் அவருடைய புறங்கையும் நினைவுக்கு வரும். மகனின் பதக்கம் எங்கள் வீட்டு ஹோல் சுவரில் தொங்குகிறது. மற்ற மூன்று பிள்ளைகளும் என்ன பிழை செய்தார்கள் என்று அன்றே அவரிடம் கேட்டிருக்கலாம். வென்றது எங்கள் அணி என்பதால் நான் கேட்கவில்லை.