குப்பைக்குழிப் பரங்கிக்காய்

தாம்பரம் தேவாலயச் சபையார் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்திருந்தால் முகத்துக்கு நேரே சொல்லித் தொலைத்திருப்பார்கள். ரத்தினபாய் டீச்சருக்கும் அத்தனை அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

டீச்சருக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. காசநோய் கண்டு சானடோரியத்தில் பதினான்கு மாதம் படுத்திருந்துவிட்டு, பூரண குணம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தோடு திரும்பி வந்தார். பள்ளிக்கூடத்தில் காகிதத்தை மேசைமேல் வைக்கச் சொல்லி, தொடாமலே படித்தார்கள். "உடம்பைப் பார்த்துக்குங்க" என்று அன்பாகச் சொல்லி, வயதுக்கு முன்பே ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். ட்யூஷன் வைத்துப் பார்த்தார். முதல் வாரம் நான்கு பிள்ளைகள், இரண்டாவது வாரம் யாருமில்லை. சபைச் செயலாளர் தேவானந்தம்தான் இரக்கப்பட்டு, தனக்குத் தெரிந்த அச்சகத்தில் சொல்லி ப்ரூஃப் திருத்தும் வேலை வாங்கிக் கொடுத்தார். திங்கட்கிழமைதோறும் தபாலில் ஒரு கட்டு வரும். அடுப்பு எரிந்தது அதில்தான்.

அது அறுபத்தைந்தாம் வருஷம். அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். காலி இடத்திலெல்லாம் காய்கறி போடுங்கள் என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் பின்னால் கிடந்த தரிசைச் சபையார் பன்னிரண்டு பாத்தியாகப் பிரித்துக்கொண்டார்கள். குழாய்க்கு வெகு தூரத்தில், மதிலோரம் இருந்த கடைசிப் பாத்தி டீச்சருக்கு. அவர் குறைப்படவில்லை. தான் விளைவித்ததை யாராவது ஒரு வீட்டில், ஒரே ஒரு வேளை, சோற்றோடு பிசைந்து தின்றுவிட்டால் போதும் என்றிருந்தார். தன் நோய் போய்விட்டதை ஊர் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். பைத்தியக்கார ஆசைதான். கத்தரிக்காயை நீட்டினால், "நேத்துதான் வாங்கினோம் டீச்சர்" என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே நழுவினார்கள்.

செப்டம்பரில் அறுப்பின் பண்டிகை வந்தது. அவரவர் விளைச்சலைப் பீடத்தின் முன் படைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவது வழக்கம். டீச்சர் ஒரு பெரிய பரங்கிக்காயின் காம்பில் வெள்ளை ரிப்பன் கட்டி, மூச்சிரைக்கத் தூக்கிக்கொண்டு வந்தார். தேவானந்தம் வேறெந்தக் காய்க்கும் கேட்காத விலை கேட்டு அதை எடுத்தார். சபையே கைதட்டியது. டீச்சர் அழுதுவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேவானந்தத்தின் மனைவி புஷ்பத்திடம் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"பரங்கி எப்படி இருந்துச்சு புஷ்பம்?"

"தேன் மாதிரி டீச்சர். பிள்ளைங்க சண்டை போட்டு சாப்பிட்டுச்சுங்க."

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டது. கோயில் குப்பைக்குழியில் எரு அள்ளப் போன டீச்சர், ஒரு சாண் இடத்தில் நாற்பது ஐம்பது பரங்கி நாற்றுகள் நெருக்கியடித்துக்கொண்டு முளைத்திருப்பதைப் பார்த்தார். நறுக்கிச் சமைத்த காயின் விதை அப்படிக் கும்பலாக முளைக்காது. விரலால் கிளறினார். கத்தி படாத முழுக்காய் அழுகிக் கிடந்தது. காம்பில் ரிப்பன் இருந்தது.

கிளறிய மண்ணை மறுபடி மூடினார். யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பாத்தியும் போகும், திங்கட்கிழமைக் கட்டும் போகும்.

கொடி குழியைவிட்டு ஏறி மதில்மேல் படர்ந்து, தை மாதம் காய்த்துத் தள்ளியது. தேவானந்தத்துக்குத் தான் வீசிய காய் நினைவிலேயே இல்லை. ஒன்றும் தெரியாத ஐசக், கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை, "தானா வந்துகீது, கர்த்தர் குட்த்தது" என்று வீடு வீடாக அறுத்துக் கொடுத்தான்.

ஒருநாள் காலையில் புஷ்பம் ஒரு கீற்றை இலையில் வைத்துக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"குப்பைக்குழியில வந்த காய் டீச்சர். இந்த மாதிரி ருசிய நான் பார்த்ததே இல்ல. மூணு நாளா எங்க வீட்ல இதுதான்."

டீச்சர் வாங்கிக்கொண்டார். அத்தோடு விட்டிருக்கலாம். ஆசைப்பட்டதுதான் நடந்துவிட்டதே! ஆனால் அவர்களுக்கே தெரியாமல் நடந்ததில் என்ன இருக்கிறது?

"பிள்ளைங்க சண்டை போட்டு சாப்பிட்டாங்கன்னு சொன்னியே, அந்தக் காயோட விதைதான் புஷ்பம் இது. நீங்க நறுக்காமலே குழியில போட்டதுல முளைச்சது."

புஷ்பத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. வாயைப் பொத்திக்கொண்டு தெருச் சாக்கடைக்கு ஓடினாள். அவள் குமட்டி முடிக்கும்வரை டீச்சர் நின்று பார்த்தார். அது அவருக்கு இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அன்று மத்தியானமே கொடியை வெட்டிக் கொளுத்தினார்கள். கடைசிப் பாத்தியில் ஐசக் கூடை கூடையாகச் சுண்ணாம்பைக் கொட்டினான். "என்னைத் திட்டாத டீச்சரம்மா, செக்ரட்டரி ஐயா சொல்லிக்கீறாரு" என்றான். தேவானந்தம் அதே கையோடு அச்சகத்துக்கும் ஒரு கார்டு போட்டார். அடுத்த திங்கட்கிழமை தபால்காரர் டீச்சர் வீட்டைத் தாண்டிப் போனார்.

அந்தக் கீற்றைத் திருப்பிக் கேட்கத்தான் யாரும் வரவில்லை. அன்று மத்தியானம் கொடி எரிந்த புகை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தபோதே, டீச்சர் அதை நறுக்கி, மிளகாய் கிள்ளிப்போட்டு வதக்கி, சோற்றோடு பிசைந்து தின்றார். புஷ்பம் சொன்னது சரிதான். தேன் மாதிரி இருந்தது.