சும்மா விட்ட பாத்தி

சோணையம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. ஒக்கூருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் தினக்கூலி. ஐந்தாவது படித்தவள் என்பதால் களையெடுப்பிலிருந்து எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள்.

தட்டைப்பயறில் அசுவினியை எண்ண வேண்டும். கொழுந்தில் கறுப்பாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் பூச்சி. உறிஞ்சுவதைவிட, அது செடிக்குச் செடி கொண்டுபோகும் தேமல் நோய்தான் பெரிய கேடு. தேமல் விழுந்தபின் மருந்து கிடையாது. ஆராய்ச்சி மாணவி சௌபர்ணிகா ஆறு பாத்திகளில் அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளை விட்டாள். கூடவே, கடுகைவிடச் சிறிய ஒரு குளவி. அது அசுவினியின் உடம்புக்குள் முட்டையிடும். அசுவினி உப்பி, பொட்டுக்கடலை நிறத்தில் வெறும் கூடாகும். கூட்டைத் துளைத்துக்கொண்டு புதிய குளவி வரும்.

நடுவில் தடுப்பாகச் சோளம். அதற்கு அப்பால் இன்னும் ஆறு பாத்திகள். அவற்றில் எதையும் விடவில்லை.

"இதுல ஒண்ணும் செய்யக் கூடாதுக்கா. சும்மா விட்டுடணும். அப்பத்தான் வித்தியாசம் தெரியும்."

"செத்துப்போகுமே மேடம்."

"போகட்டும். அதையும் எண்ணணும்."

காவல்காரர் முத்துவீரன் வரப்பில் நின்று பார்ப்பார். "ஏத்தா, பேன் பாத்த கூலியில வீடு கட்டிருவ போல."

"ஒங்க தலையப் பாத்தா பங்களாவே கட்டலாம்ணே."

மூன்றாம் வாரம் சும்மா விட்ட பாத்திகளில் கொழுந்து சுருண்டது. இரண்டொரு இலையில் தேமலின் மஞ்சள் திட்டு விழத் தொடங்கியது. சோணையம்மாள் குனிந்து எண்ணினாள், எழுதினாள், அடுத்த செடிக்குப் போனாள்.

அவள் மகள் அபி ஒன்பது வயதில் காய்ச்சலில் இறந்தவள். தன்னால் விட்டுவிடும் என்று மூன்று நாள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மூன்று நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சோணையம்மாள்தான்.

டவுனில், செக்காலையில் அறை எடுத்திருந்த சௌபர்ணிகா எல்லா நாளும் வருவதில்லை. அவள் வராத நாள்களில் சோணையம்மாள் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவித் துடைத்து, அதில் பொறிவண்டுகளைப் பிடித்துச் சோளத்துக்கு அப்பால் கொண்டுபோய் விட்டாள். கூடு ஒட்டிய இலைகளைப் பறித்து அங்கிருந்த செடிகளின் கவட்டில் செருகினாள். நாலு வாரம் இப்படி நடந்தது.

விட்ட மறுநாள் எண்ணும்போது இருந்ததை இருந்தபடியே எழுதினாள். சும்மா விட்ட பாத்தி: பொறிவண்டு மூன்று, கூடு பதினொன்று.

"பறந்து வந்திருக்கும்" என்றாள் சௌபர்ணிகா. முகம் வாடியது.

அறுவடையில் இரண்டு பக்கமும் தேமல் ஏறக்குறைய ஒரே அளவு. பேராசிரியர் வந்தார். "அதுகளே வருது. நீ எதுக்கு வளத்து விடணும்?" என்றார். அடுத்த பட்டத்துக்கு நிலத்தைப் பூச்சிமருந்துச் சோதனைக்கு ஒதுக்கிவிட்டுப் போனார்.

சௌபர்ணிகா பண்ணை அறையில் இருந்த தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். "ரெண்டு வருசம்க்கா. உங்க எண்ணிக்கையில ஒரு தப்புக்கூட இல்ல. அதனாலதான் எதிர்த்து எதுவும் சொல்ல முடியல."

சோணையம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பறந்து வரல மேடம். நாந்தான் கொண்டுபோய் விட்டேன்."

சௌபர்ணிகாவின் கை நின்றது. "எத்தனை?" என்றாள். தெரிந்தால் கழித்துப் பார்க்கலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

"அத மட்டும் எண்ணல."

"ஏன்க்கா?"

"சும்மா விடச் சொன்னீக. பாத்துக்கிட்டே இருக்க முடியல." பிறகு, "வைதுருங்க மேடம்" என்றாள்.

சௌபர்ணிகா வையவில்லை. பெட்டியை ஒட்டி முடித்தாள். சோணையம்மாள் அதைத் தலையில் சுமந்து போய்ப் பஸ் ஏற்றிவிட்டாள். ஜன்னல் பக்கம் சௌபர்ணிகா திரும்பவில்லை.

இப்போது மருந்துச் சோதனை நடக்கிறது. எண்ணுவது சோணையம்மாள்தான். மருந்தடித்த பாத்திகளில் இலையைத் திருப்பினால் அசுவினி இல்லை, பொறிவண்டு இல்லை, ஒரு கூடும் இல்லை. சோளத்துக்கு அப்பால் வழக்கம்போல ஆறு பாத்திகளைச் சும்மா விட்டிருக்கிறார்கள். கொழுந்துகள் கறுத்துச் சுருண்டிருக்கின்றன. கொண்டுபோய் விட இந்தப் பக்கம் எதுவும் இல்லை.