மூப்பர் சாப்பிடாத வெள்ளிக்கிழமை

முல்லைத்தீவுக் கரையில் மத்தேயு மூப்பரைப் பற்றிக் கேட்டால், அவர் பொய் சொல்லாத மனிதர் என்றுதான் எவரும் முதலில் சொல்வார்கள். அவரும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. மடிப்புக் கலையாத ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப்போல அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு திரிந்தார். அந்தச் சட்டையில் ஒரு கிழிசல் இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவருடைய மனைவி ஜோசப்பின். மற்றது ஜோசப்பினின் தம்பி வின்சன். மூன்றாவது ஆள் மத்தேயுவேதான்.

அவருக்குத் தொழில் கரைவலை இழுப்பது. கோயிலில் அவர் மூப்பர். பூசை வைக்கிற சுவாமி மாதத்தில் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் சொல்வதும், யார் என்ன வாசகம் வாசிப்பது என்று தீர்மானிப்பதும், வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சேர்க்காமல் சுத்தபோசனம் காக்கச் சனத்தை நினைவூட்டுவதும் மூப்பரின் பொறுப்பு. தொண்ணூற்றாறு ஆடியில் சண்டை மூண்டு எல்லோரும் உடுத்த உடுப்போடு ஓடினார்கள். திரும்பி வந்து பார்த்தபோது மத்தேயுவின் வீடு இருந்த இடத்தில் குண்டு விழுந்த கிடங்கு ஒன்று கிடந்தது. கோயிலில் ஒரு சுவர் மிஞ்சியிருந்தது. அந்தச் சுவரோடு சேர்த்துத் தென்னங்கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, முதல் நாளே செபமாலை சொல்லத் தொடங்கியவர் அவர்தான். அதற்காக அவரை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

வின்சன் உயர்தரத்தில் விலங்கியல் படித்தவன். மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாமல் விஞ்ஞானம் படிப்பித்தான். பூசைக்குப் பிந்தாதவன், நல்ல குரல்காரன். ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளுக்கு முதல் வருகிற சனிக்கிழமைப் பூசையில், ஆண்டவர் ஆறு நாளில் உலகைப் படைத்த அந்த நீளமான முதலாம் வாசகத்தை ஒன்பது வருசமாக அவன்தான் வாசித்தான். அவன் வாசித்தால் கைக்குழந்தைகூட அழாது என்று பெண்கள் சொல்வார்கள். அவனுக்கும் வருசத்தில் அந்த ஒரு நாள்தான் பெருநாள்.

தொண்ணூற்றேழில் அது அவன் கையை விட்டுப் போனது. தவக்காலத்தில் வாசகம் பங்கிடக் கூடியிருந்தபோது, இரஞ்சிதம் என்ற பெண் எழும்பி ஒரு முறைப்பாடு வைத்தாள்.

"மூப்பர், எங்கட ஓங்கில் முந்தி நிலத்தில நாலு காலால நடந்ததாம். பிறகுதானாம் கடலுக்க போனது. வின்சன் மாஸ்டர் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறார். இது வேதத்துக்கு அடுக்குமோ?"

ஓங்கில் என்றால் கடலில் கூட்டமாகத் துள்ளிக்கொண்டு போகுமே, அந்தப் பெரிய உயிர், டொல்பின். சில வேளை வலையில் அகப்படும். அகப்பட்டால் வெட்டிப் பங்கிடுவார்கள். அதை மீன் இல்லையென்று அந்தக் கரையில் ஒருவரும் அதுவரை சொன்னதில்லை.

மத்தேயு சிரித்தார். "என்ன வின்சன், ஓங்கில் நடந்துதோ? அப்ப உன்ர பூட்டன் மரத்தில தொங்கினவரோ?"

கொட்டில் முழுக்கச் சிரிப்பு. வின்சன் கோபிக்கவில்லை.

"அத்தான், வலை பின்னேக்க நீங்கள் ஒரு நாளிலயோ பின்னுறியள்? முடிச்சு முடிச்சாய் எத்தனை மாசம் போகுது. அதுக்காக வலையைப் பின்னினது நீங்களில்லை எண்டு ஆரும் சொல்லுவினமோ? ஆண்டவரும் அப்பிடி ஆறுதலாய்ச் செய்தார் எண்டுதான் நான் விசுவசிக்கிறன். நீங்கள் எத்தினை ஓங்கில் வெட்டியிருப்பியள். அதின்ர செட்டையைப் பிளந்தால் உள்ளுக்கு அஞ்சு விரல் எலும்பு இருக்கும். கண்டிருப்பியள்தானே?"

எல்லோரும் மூப்பரின் முகத்தைப் பார்த்தார்கள்.

மத்தேயு கண்டிருக்கிறார். பதினாறு வயதில் தகப்பனோடு நின்று முதல் ஓங்கிலை வெட்டியபோதே கண்டார். மனிதக் கை மாதிரியே மணிக்கட்டும் விரல்களும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஓங்கிலை வெட்டினாலும் செட்டையைத்தான் முதலில் அறுத்துக் கடலுக்குள் எறிவார். ஏனென்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

"நான் அப்பிடி ஒண்டும் காணேல்ல" என்றார் பொய் சொல்லாத மனிதர். பிறகு வாசகப் பட்டியலை எடுத்து, வின்சனின் பெயரைக் குறுக்கே வெட்டினார். "படைப்பை நம்பாதவன் படைப்பின்ர வாசகம் வாசிக்கேலாது."

அந்த வருசம் வாசகத்தை வேறொருவர் திக்கித் திணறி வாசித்தார். வின்சன் பின்வரிசையில் முழங்காலில் நின்று கேட்டான். கோயிலை விட்டு அவன் போய்விடுவான் என்று மத்தேயு உள்ளூர எதிர்பார்த்தார். அவன் போகவில்லை. போயிருந்தால் இவருக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த தவக்காலம் பஞ்சத்தோடு வந்தது. நிவாரண லொறி மூன்று கிழமையாக வரவில்லை. கடற்படைக்குப் பயந்து ஆழத்துக்குப் போக ஆளில்லை. கரைவலையை இழுத்தால் சாளையும் குப்பையும்தான். அப்படியொரு வெள்ளிக்கிழமை காலை, முப்பது பேர் கயிறு பிடித்து இழுத்த வலையின் மடிக்குள் ஒரு பெரிய ஓங்கில் கிடந்தது. கரை ஏறும்போதே செத்துவிட்டது. சனம் சட்டிகளோடு ஓடி வந்தது.

மத்தேயு கத்தியை எடுத்தார். வழக்கம்போலச் செட்டையை அறுத்து எறிந்தார். அடிவயிற்றில் கத்தி பட்டதும் வெள்ளையாய் ஏதோ மணலில் வழிந்தது. பால். குட்டி போட்டிருந்த தாய். வெட்டிய இடத்தில் இரத்தம் மாட்டு இரத்தம்போலச் சூடாக இருந்தது. அவர் காலால் மணலைத் தள்ளிப் பாலை மூடினார்.

அப்போது இரஞ்சிதம் சட்டியோடு முன்னுக்கு வந்தாள். போன வருசம்வரை அந்தக் கரையில் எவருக்கும் தோன்றாத கேள்வியைக் கேட்டாள்.

"மூப்பர், இண்டைக்கு வெள்ளிக்கிழமை. சுத்தபோசனம். இது மீனோ, இறைச்சியோ? நீங்கள் சொன்னால் சரி."

பசித்த சனத்துக்கு எந்தக் கட்டளையிலும் விலக்கு உண்டு. அது மத்தேயுவுக்கு நன்றாகத் தெரியும். 'இறைச்சிதான், பசிக்குச் சாப்பிடுங்கோ, சுவாமியிட்ட நான் சொல்லுறன்' என்றால் விசயம் முடிந்தது. ஆனால் இறைச்சி என்று சொன்ன அந்த நிமிடத்தில் வின்சன் சொன்னது சரியாகிவிடும். வின்சன் கயிற்றைப் பிடித்தபடி பத்தடி தூரத்தில்தான் நின்றான். மணல் மூடிய இடத்தைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், வாய் திறக்கவில்லை.

"கடலில பிறந்தது மீன்தான்" என்றார் மத்தேயு. "கொண்டுபோய்க் காய்ச்சுங்கோ."

நாற்பது குடும்பத்து அடுப்பும் அன்றைக்கு எரிந்தது. ஜோசப்பின் புளி கரைத்து, செத்தல் மிளகாய் இடித்துப் போட்டுக் காய்ச்சினாள். அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் சட்டியைச் சுற்றிக் குந்தினார்கள். மத்தேயு வெறும் தேத்தண்ணியோடு ஒதுங்கியிருந்தார்.

"வாங்கோவன்."

"எனக்கு வயித்துக்க சரியில்லை. நீங்கள் சாப்பிடுங்கோ."

ஜோசப்பின் நாலு வாய் சாப்பிட்டாள். ஐந்தாவது வாய்க்குப் பிசைந்த கை அப்படியே நின்றது. இருபத்தெட்டு வருசம் இந்த மனிதனோடு குடும்பம் நடத்தியவள். காய்ச்சலில் கிடந்தபோதும் மீன்குழம்பை விடாதவர் இவர். பிள்ளைகள் கை கழுவ எழும்பிப் போகும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"உங்களுக்கு வயித்துக்க ஒண்டுமில்லை" என்றாள். "இது இறைச்சி. அதுதானே?"

மத்தேயு தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குப் பாவமாய்ப் பட்டதை எங்களுக்கு மீன் எண்டு தந்தனீங்கள். என்ன? நாங்கள் பாவத்தைத் தின்ன, நீங்கள் மட்டும் சுத்தமாய் இருக்கிறியள்."

ஜோசப்பின் மிச்சத்தை எறியவில்லை. அந்த நாட்களில் எதையும் எறிய முடியாது. அவரைப் பார்த்துக்கொண்டே கடைசி வாய்வரை சாப்பிட்டாள். "பிள்ளையளுக்கு இதைச் சொல்லாதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சட்டியைக் கழுவப் போனாள்.

மத்தேயுவுக்கு அதற்குப் பிறகு உடம்பு கூசிக்கொண்டே இருந்தது. வழியில் கண்டவர்கள் "நல்ல மீன் மூப்பர்" என்றபோதெல்லாம் கூனிக் குறுகினார். குருத்தோலை ஞாயிறும் போய்விட்டது. அதற்கு மேல் பொறுக்க முடியாமல், பின்னேரம் ஒன்றில் வின்சனைத் தேடிப் போனார். அவன் மரத்தடியில் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கு நீ சாப்பிட்டனியோ?" என்று கேட்டார்.

"ஓம் அத்தான். இறைச்சி எண்டு தெரிஞ்சுதான் சாப்பிட்டனான். பசிக்குது எண்டு ஆண்டவரிட்டச் சொல்லிப்போட்டுச் சாப்பிட்டன்."

"நான் சாப்பிடேல்ல."

"தெரியும். அக்கா சொன்னவா."

மத்தேயு மணலில் குந்தினார். "அண்டைக்குக் கரையில நீ ஏனடா வாய் திறக்கேல்ல? பாலைக் கண்டனிதானே? என்னை மடக்கியிருக்கலாமே."

"திறந்திருந்தால் சனம் சட்டியைக் கவிட்டுப்போட்டுப் பசியோட போயிருக்கும்."

தான் வெல்ல வேண்டுமென்று இவர் சனத்தின் மனச்சாட்சியைக் கொடுத்தார். சனம் சாப்பிட வேண்டுமென்று அவன் தன் வெற்றியைக் கொடுத்திருக்கிறான். இரண்டு பேரில் யாரைக் கோயிலுக்கு ஆகாதவன் என்று பட்டியலில் வெட்டினோம் என்பது அவருக்கு அப்போது நெஞ்சில் அடித்தாற்போல விளங்கியது.

"விரல் எலும்பு கண்டனான்" என்றார். "பதினாறு வயசிலயே கண்டனான்."

"அதுவும் தெரியும். நீங்கள் செட்டையை முதல்ல கடலுக்க எறியிறதைச் சின்னனிலயிருந்து பாத்தனான்."

"எங்கட வீடு இருந்த இடத்தில இல்லை. கோயில் இருந்த இடத்தில இல்லை. படைப்பு எண்டாலும் ஆண்டவர் வைச்ச இடத்தில அசையாமல் இருக்கட்டும் எண்டு நினைச்சன் வின்சன். ஐஞ்சாம் நாள் மீன், ஆறாம் நாள் மிருகம். அதுவும் இடம்பெயர்ந்தது எண்டால் நான் எதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?"

வின்சன் கொப்பியை மூடினான். "ஓங்கிலும் எங்களைப்போலதான் அத்தான், இடம்பெயர்ந்த சாதி. ஆனால் அது தனிய போகேல்ல. கரையிலயிருந்து கடலுக்குப் போன வழியெல்லாம் ஆண்டவரும் கூடப் போனவர். எங்களோடயும் ஓடி வந்தவர்தானே? இல்லாட்டி அந்தக் கொட்டிலை ஏன் போட்டனீங்கள்?"

மத்தேயுவின் கண் நிறைந்துவிட்டது. அவன் சொன்னது முழுக்க விளங்கியது என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் விசுவாசம் தன்னுடையதைவிடச் சின்னதில்லை என்பது விளங்கியது.

"சனிக்கிழமை நீதான் வாசிக்கவேணும்" என்றார். "பூசைக்கு முதல் நான் எழும்பி, நடந்ததைச் சனத்துக்குச் சொல்லுறன். பிழை என்னிலதான் எண்டு சொல்லுறன்."

"சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ" என்றான் வின்சன். வற்புறுத்தவில்லை.

ஷெல்லடிக்குப் பயந்து அந்தச் சனிக்கிழமைப் பூசையைப் பொழுது படமுன்னமே வைத்தார்கள். சுவாமி வந்திருந்தார். கொட்டில் நிறைந்து வெளியிலும் சனம். மத்தேயு முன்னுக்குப் போய் நின்றார். மூன்று நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த சொற்கள் எல்லாம் இருந்தன. எதிரே இரஞ்சிதம் இருந்தாள், நாற்பது குடும்பமும் இருந்தது, தன் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். ஜோசப்பின் தலை நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

"இண்டைக்கு முதலாம் வாசகம்" என்றார் மத்தேயு. "முதலாம் வாசகம் வின்சன் வாசிப்பார்."

அவ்வளவுதான். போய் இருந்துவிட்டார். ஜோசப்பின் தலையைக் குனிந்துகொண்டாள்.

வின்சன் வாசித்தான். முந்திய மாதிரியே வாசித்தான். கைக்குழந்தையும் அழவில்லை. ஐந்தாம் நாள் வந்தபோது அவன் குரலில் ஒரு குத்தலாவது இருக்கும் என்று மத்தேயு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றுமில்லை. கடலில் உள்ளவற்றையும் தரையில் உள்ளவற்றையும் ஒரே அன்போடு வாசித்து முடித்தான்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் இரஞ்சிதம் மத்தேயுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"உங்கட மனம் ஆருக்கு வரும் மூப்பர்! அவன் அவ்வளவு பிழையாய்க் கதைச்சும் மன்னிச்சுச் சேத்திட்டியளே."

சுற்றி நின்றவர்களும் ஓமோம் என்று தலையாட்டினார்கள். வாசகப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி வின்சன் ஒரு முழத் தூரத்தில் நின்றான். அவனுக்குக் கேட்டது. மத்தேயு அவனைப் பார்த்தார். அவன் புத்தகத்தை உள்ளே வைக்கப் போனான்.

"ஓம்" என்றார் மத்தேயு. "சொந்தக்காரன்தானே."