பெரியப்பா வீட்டு உறுமல்

சென்னையில் என் அறை ஸ்பீக்கரில் இப்போது பாட்டுக்கு முன்னால் சுத்தமான மௌனம். எனக்கே அதில் நம்பிக்கை வருவதில்லை. கோவில்பட்டியில் பெரியப்பாவின் ஸ்பீக்கர்கள் பாட்டு தொடங்கும் முன்பே "உம்ம்ம்" என்று உறுமும். அதைக் கேட்டபடியே அவர் என்னைப் பார்ப்பார். செக்போஸ்டில் லாரியைப் பார்க்கிற பார்வை.

பெரியப்பாவுக்குத் தீப்பெட்டி மொத்த வியாபாரம். பண்டலை முகர்ந்தே மருந்து நமுத்திருப்பதைச் சொல்லிவிடுவார். மனிதர்களையும் அதே மூக்கால்தான் பார்ப்பார். சி.டி.யில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த மனுஷனை, இணையத்திலிருந்து பாட்டு எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர் வாங்க வைத்தது நான்தான். இன்ஜினீயரிங் படிக்கிற திமிர். "சி.டி.யைவிடத் தெளிவா இருக்கும்" என்று சவால் வேறு. சென்னையிலிருந்து நானே சுமந்து வந்து மாட்டினேன். மாட்டிய நிமிடம் உறுமல்.

"ஏலே, எவனோ கழிச்சுப்போட்டதத் தொடச்சுக் கொண்டாந்திருக்கியோ?"

"புதுசு பெரியப்பா. சீல நீங்கதான பிரிச்சிய?"

"சீல் ஒட்ட எம்புட்டு நேரம்? நாங்க ஒட்டாத லேபிளா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுகுமலையில் இருக்கும் என் அப்பாவுக்கும் அவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. இரண்டு வீட்டுக்கும் போய்வந்துகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். என்னையும் களவாணி என்று முடிவுகட்டிவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

நானும் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். கேபிளை மாற்றினேன். வைஃபையை விட்டு ஒயர் இழுத்தேன். ஆப்பில் ஒலித்தரத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். உறுமல் அசையவில்லை. பழைய சி.டி. பிளேயரை மாட்டினால் மட்டும் கப்சிப். "பாத்தியா?" என்பார்.

எரிச்சலில் வீட்டைச் சுற்றி வந்தபோதுதான் கொல்லையில் எர்த் குழி கண்ணில் பட்டது. கோடையில் கரிசல் வெடித்து, எர்த் கம்பியைச் சுற்றிக் கை நுழையும் பிளவு. கம்பி மண்ணைத் தொடவே இல்லை. பழைய பிளேயருக்கு இரண்டு முள் பிளக், எர்த் தேவையில்லை. என் பெட்டிக்கு மூன்று முள். ஃப்ரிட்ஜும் மோட்டாரும் கசியவிடும் கரண்ட் மண்ணுக்குப் போக வழியில்லாமல் இதன் வழியே ஸ்பீக்கரில் ஏறியிருக்கிறது. எங்கள் பக்கம் கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். பெரியம்மா நிறுத்தியிருந்தாள்.

"குடிக்கிற தண்ணியே லாரிக்காரன்ட்ட காசு குடுத்து வாங்குதோம். அதக் குழிக்கு ஊத்தச் சொல்லுதியால? பாத்திரம் களுவுன தண்ணிகூட முருங்கைக்குத்தான்."

முருங்கையின் பங்கைக் கெஞ்சி வாங்கி ஊற்றினேன். மண் மடமடவென்று குடித்தது. உள்ளே உறுமல் தேய்ந்து அடங்கியது. பெரியப்பா ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார்.

"நீ என்னத்தயோ திருகியிருக்க."

நான் கிளம்பும்போது வாசலுக்குக்கூட வரவில்லை.

சில வாரம் கழித்து அவரிடமிருந்து போன். எடுத்தால் பேச்சில்லை, அதே உறுமல். மண் மறுபடி காய்ந்திருக்க வேண்டும். "அப்படியே இரு" என்று சொல்லி, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். திருகுவதற்கு அங்கே நான் இல்லை. தூரத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம். கூடவே பெரியம்மாவின் ஏச்சு. உறுமல் மெல்ல இறங்கி, இல்லாமல் போனது.

"ஏலே."

"சொல்லுங்க பெரியப்பா."

"தண்ணி லாரிக்காரன்ட்ட எம்புட்டு கமிஷன் வாங்குன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. போனை வைக்கவும் இல்லை. வேறு யாரிடமோ கேட்பதுபோலக் கேட்டார்:

"உங்கப்பன் எப்படி இருக்கான்?"