புதுச்சத்திரத்தில் நான் அழித்த மூன்று கூரைகள்

போன செவ்வாய்க்கிழமை புதுச்சத்திரம் போனதற்கு ஒரே காரணம், என் மேலதிகாரி சொன்னது தவறு என்று நிரூபிப்பது. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மேலே போனவர்.

எங்கள் வேலை இதுதான்: செயற்கைக்கோள் படத்தில் கூரைகளைக் கண்டறிந்து, மக்கள்தொகையைக் கூரைகளின் பரப்புக்கேற்பப் பிரித்துப் போடுவோம். குடிநீர்க் குழாய் எங்கே போக வேண்டும் என்பதை அந்த வரைபடம் முடிவு செய்யும். நாமக்கல் பக்கம் கோழிக் கொட்டகைகளும் வானத்திலிருந்து பார்த்தால் கூரைகள்தான். நீளமாக, வரிசையாக நிற்பவற்றை நான் நீக்கினேன். "எதுக்கு வம்பு, இருக்கட்டும்" என்றார் அதிகாரி. பிறகு கூட்டத்தில் எல்லார் முன்னும் என்னைக் காட்டி, "சார் கோழி டாக்டருங்க" என்றார். வெள்ளிக்கிழமை கூரைப் பட்டியல் இறுதியாகிறது. அதற்குள் கோழிகளைப் படம்பிடித்து அவர் மேசையில் வைக்க நினைத்தேன்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 7.10க்கு நாமக்கல் பேருந்து. ஒரு மணி நேரம், 40 ரூபாய். எல்லாப் பேருந்தும் புதுச்சத்திரத்தில் நிற்காது; ஏறும்போதே கேளுங்கள். அங்கிருந்து நான் நீக்கிய மூன்று கொட்டகைகளுக்கு நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150.

பண்ணைக்குள் நுழையுமுன் வாசல் தொட்டியிலுள்ள மருந்துத் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும். தொட்டி காய்ந்து கிடந்தது. தயங்கி நின்றேன். உள்ளிருந்து ஒரு பெண் சிரித்தார்.

"ஏனுங்க, செருப்ப நனைக்கோணும்னு நிக்கறீங்களா? கோழி போயி ரெண்டு வருசமாச்சுங்க. இப்ப நாங்கதான் கோழி."

தீவன விலை கட்டுப்படியாகாமல் முதலாளி பண்ணையை மூடிவிட்டார். தகரம் வைத்துத் தடுத்து, ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். மூன்று கொட்டகைகளில் நாற்பத்தொரு குடும்பம். செல்வி என்ற அந்தப் பெண் ஒவ்வொரு கதவாகக் காட்டி எண்ணினார்.

"தண்ணிக்கு?"

"வாரத்துக்கு ஒருக்கா லாரி வருமுங்க. குழாய் போடறாங்கன்னு சொன்னாங்க. எங்க ஊடு கணக்குல இருக்குதுங்களா?"

"இல்லை" என்றேன். யார் நீக்கியது என்று சொல்லவில்லை.

திரும்பும் வழியில், நிறுத்தத்தில் நின்றபடியே அதிகாரிக்குக் கொட்டகைப் படங்களை அனுப்பினேன். 'மூன்றையும் நீக்கியது நான்தான். திரும்பச் சேர்க்கவும். நாற்பத்தொரு குடும்பம்.' அவர் கூரைகளை அப்படியே விடச் சொன்னது சோம்பேறித்தனத்தால்தான்; அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவர் சொன்னபடி விட்டிருந்தால் இவர்கள் கணக்கில் இருந்திருப்பார்கள். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. மாலைக்குள் கூரைகள் வரைபடத்தில் ஏறிவிட்டன. கட்டைவிரலை நான் மன்னிக்கவில்லை.

களத்துக்குப் போகிறவர்கள் பதினோரு மணிக்கு முன் போங்கள். ஆலை வேலைக்குப் போகாதவர்களுக்கு அப்போதுதான் பேச நேரம் இருக்கும். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். அங்கே கேட்டால், லாரித் தண்ணீரிலிருந்து கொடுத்துவிடுவார்கள்.