எட்டுக் கார்பனும் தண்ணீர்த் தொட்டியும்

நான் ப்ளஸ் டூ படித்தபோது எங்கள் வேதியியல் டீச்சர் தினமும் சேத்துப்பட்டிலிருந்து ஆரணிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார். கைக்குழந்தை அங்கே மாமியாரிடம். அந்தச் சொந்த ஊருக்கே மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருந்தார். பள்ளியைப் பார்வையிட வரும் கல்வி அதிகாரி மனம் வைத்தால் கிடைத்துவிடும் என்று நம்பினார். அதனால் அவர் வரும் நாளில் பாடத்தை மைதானத்தில் நாடகமாகவே நடத்திவிடுவது என்று முடிவு.

பாடம், ஆல்கஹால்கள். கார்பன் வரிசையின் தலையில் நிற்கும் ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடியான ஓ.ஹெச். நான். ஒல்லியாக இருந்ததைத் தவிர வேறு தகுதி எனக்கில்லை. ஓ.ஹெச்.சுக்குத் தண்ணீர் என்றால் உயிர். அதன் கையைப் பிடித்து நிற்கும் கார்பன்களுக்கோ தண்ணீரே ஆகாது. கார்பன் ஒன்றிரண்டு என்றால் ஓ.ஹெச். அவற்றையும் தண்ணீரோடு சேர்த்துவிடும். எட்டு சேர்ந்துவிட்டால் தலையின் பேச்சு எடுபடாது, எல்லாம் எண்ணெய் மாதிரி ஒதுங்கிவிடும்.

தொட்டி ஓரம் நின்ற இரண்டு பேர் தண்ணீர். ஒரு கார்பனோடு போனேன், இழுத்துக்கொண்டார்கள். இரண்டோடும் அப்படியே. அதிகாரி தலையாட்டினார். பிறகு எட்டுப் பேர் கைகோத்தார்கள். சும்மா நின்றால் போதும் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் எட்டுப் பேரும் நெசவு வீட்டுப் பெண்கள். விடிந்தால் தெரு நீளத்துக்குப் பட்டு நூலைப் பாவாக இழுத்துக் கட்டிப் பழகியவர்கள். நீளமாக எதைப் பிடித்தாலும் தொய்வு பொறுக்காது.

"தொய்யுதுடி! இஸ்துப் புடிங்கடி!" என்றாள் கடைசிக் கார்பன்.

இழுத்தார்கள். தண்ணீரும் நெசவு வீடுதான், அதுவும் விடவில்லை.

"நான் பாவு இல்லடி!" என்று அலறினேன். முதல் கார்பனின் கை வழுக்கியது. அகப்பட்டதைப் பிடித்தேன். அது இரண்டாம் கார்பனின் ரிப்பன். ரிப்பனோடு தொட்டிக்குள் விழுந்தேன். அதிகாரியின் பேண்ட் நனைந்தது.

"இது என்னங்க மேடம்?"

டீச்சர் முகம் வெளுத்தது ஒரு கணம்தான். "நீர் நீக்கம் சார், அடுத்த பாடம். ஓ.ஹெச். கழண்டு போறப்ப பக்கத்து கார்பன்கிட்ட ஒரு ஹைட்ரஜனைப் புடுங்கினு போயி தண்ணியாயிடும். அந்த ரிப்பன்தான் சார் ஹைட்ரஜன்."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். தலைமையாசிரியையிடம், "இப்படி ஒரு டீச்சரை எந்த ஊருக்கும் விட்றாதீங்க" என்றார். எனக்குத் தொட்டிக்குள்ளேயே அழுகை வந்தது.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அதிகாரி மறுபடி வந்தார். டீச்சர் கரும்பலகையைப் பார்த்தே முணுமுணுத்தார். கேட்ட கேள்வி எதற்கும் வகுப்பில் ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை, தெரிந்த எனக்கும்கூடத்தான். எட்டுக் கார்பனும் வாழ்க்கையில் முதல் முறையாகச் சும்மா இருந்தன.

அந்த மாதமே சேத்துப்பட்டுக்கு மாற்றல் வந்துவிட்டது.