லேப்பில் காணாமல் போன ஒன்பது

திண்டிவனத்தில் இன்ஜினியரிங் படித்தபோது எனக்கு இருந்தது ஒரே ஒரு அரியர், புரோகிராமிங் லேப். எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும் புரோகிராமில் கோட்டை விட்டிருந்தேன். இந்த முறையும் போனால் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார விடமாட்டார்கள்.

இத்தனைக்கும் நான் சும்மா இருக்கவில்லை. செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கலர் கலராகக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு எண். பெரிய எண் முன்னால் நின்றால் இரண்டு கட்டங்களும் ஒன்றையொன்று தாண்டி இடம் மாறிக்கொள்ளும். அவ்வளவு அழகு! கூடப் படித்த தோழி விக்கிரவாண்டிக்காரி. அவளுக்கு வீடியோ ஆகாது, புத்தகத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்வாள். நான் அவளைக் கிளி என்பேன். அவள் என்னை "படம் பாக்கறவ" என்பாள்.

தேர்வுக்கு முந்தைய நாள் லேப்பில் எழுதிப் பார்த்தேன். முதல் இடத்தில் இரண்டாவதைப் போடு, இரண்டாவது இடத்தில் முதலாவதைப் போடு. ஒன்பது, நான்கு, ஏழு கொடுத்தேன். நான்கு, நான்கு, ஏழு வந்தது. வரிசை என்னவோ சரிதான், ஒன்பதைக் காணோம்!

தோழி எட்டிப் பார்த்தாள். "டெம்ப் எங்கடி?"

அவள் நோட்டில் இடம் மாற்றுவதற்கு மூன்று வரிகள் இருந்தன, இரண்டு எண்களுக்கு நடுவே டெம்ப் என்று மூன்றாவதாக ஒரு பெயர்.

"அது எதுக்குடி?"

"யாருக்குத் தெரியும்? புக்குல கீது, எழுதிக்கினு வர்றேன்."

அதை அப்படியே எழுதினால் பாஸ். ஆனால் எனக்கு மண்டை குடைந்தது. வீடியோவில் இல்லாத மூன்றாவது ஆள் இங்கே எதற்கு?

சாயந்திரம் விழுப்புரம் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஜன்னலோரம் நான், பக்கத்தில் அவள். அவளுக்குக் குமட்டியது. இடம் மாற நானும் நகர்ந்தேன், அவளும் நகர்ந்தாள், முட்டிதான் இடித்தது.

"ரெண்டு பேரும் ஒண்ணா மாறினா எப்பிடிம்மா? ஒருத்தர் எழுந்து வெளிய நில்லுங்க!" என்று கண்டக்டர் கத்தினார். அவள் எழுந்து கூட்டத்துக்குள் நின்றாள். நான் அவள் இடத்துக்கு நகர்ந்தேன். அவள் ஜன்னலோரம் போனாள்.

"டெம்ப்!" என்று கத்திவிட்டேன். "இப்ப நீ நின்னியே, அந்த எடந்தான்டி! நீ எழுந்துக்காம நான் உன் எடத்துல உக்காந்தா நசுங்கிட மாட்ட? ஒன்பது அப்படித்தான் போச்சி!"

"பேஜாரு பண்ணாதடி, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். ஆனாலும் நோட்டை எடுத்து, அந்த மூன்று வரிகளை முதல்முறையாக மெதுவாகப் படித்தாள்.

மறுநாள் வந்த கேள்வியே வேறு. எண்களின் வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். புத்தகத்திலும் கிடையாது, நான் பார்த்த வீடியோ எதிலும் கிடையாது. டெம்ப்பை நடுவில் வைத்து எழுதினேன், புரோகிராம் ஓடியது. வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர், டெம்ப் எதற்கு என்று கேட்டார். கடகடவென்று சொன்னேன். கையெழுத்துப் போட்டவர், "இவ்ளோ புரிஞ்சிருக்கே, போன தடவ எப்படிம்மா ஃபெயிலான?" என்றார்.

"போன தடவ வீடியோ பாத்தே எல்லாமே புரிஞ்சிருந்துச்சி சார்" என்றேன்.